பாயையும் எடுத்துக்கொண்டு ஓடினோம்

ஓடுகிறோம். என் தலையில் பாய், கம்பளி, துணிமூட்டை. பின்னால் என் மனைவி செல்லம்மாள், இடுப்பில் எங்கள் மகள். விளம்பி வருஷம், மார்கழி மாதம். பகல் மூன்று மணி. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் எங்கள் கூலிக் குடிசை லைன் முழுவதும் ஓடுகிறது.

"பூமி வெடிக்கப் போவுது! வெளிய வாங்க! எல்லாரும் வாங்க!"

கத்தினவன் நான்.

சுரங்கத்தினுள் எலிகள் கூட்டமாய் ஓடினால் பாறை வெடிக்கும். இது எங்கள் அனுபவம். முதலில் கீச்சொலி. பிறகு நிசப்தம். பிறகு பீரங்கி போல ஒரே முழக்கம். எலியைக் கண்டு ஓடியே இருமுறை உயிர் தப்பினேன். அன்று எலிகள் எங்கள் குடிசைக்குள் தள்ளாடின. சுற்றிச் சுற்றி விழுந்தன. கூரையிலிருந்து பாயின்மேல் ஒன்று. தொப்பென்ற சத்தம். பின்னர் மற்றொன்று. ஆறு வரை எண்ணினேன். காலின்கீழ் நிலம் பிளக்கும் என்றே நம்பினேன்.

அடுத்த சுரங்கமான கோரமண்டலில் என் தங்கை முனியம்மாள் வீடு. மூச்சிரைக்க நுழைந்தோம். அவள் சிரித்தாள்.

"இன்னாண்ணா, பாறை வுழுந்தாலும் அசர மாட்டே. எலி செத்ததுக்கா மூட்டைய கட்டினு வந்துகிறே? அண்ணி, நீங்க உள்ள வாங்க. புள்ளைய இப்டி குடுங்க."

நான் கொண்டுவந்த பாயை அவளே விரித்தாள். தன் பிள்ளைகள் இருவரையும் எங்கள் மகளோடு அதில் கிடத்தினாள்.

அவள் தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவள். வேலூர்ச் சாலையில் பிணங்கள் கிடந்தன. கஞ்சித்தொட்டி வரிசையில் அவளைச் சுமந்து நின்றவன் நான். பிழைக்காது என்றார்கள். பிழைத்தாள். இங்கே தங்கம் கிடைத்த செய்தி கேட்டு நடந்தே வந்தோம். அப்போது அவளுக்குப் பத்து வயது. மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தபோது புதுமணப்பெண். முதல் ஊதலுக்குக் காதைப் பொத்திக்கொண்டாள்.

நான்காம் நாள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அக்குளில் நெறி கட்டியது. பிளேக் என்றார்கள். மறுநாள் முனியம்மாளும் அவள் கணவரும் விழுந்தார்கள். வெளியே பிளேக் சிப்பந்திகளின் தடிச் சத்தம்.

"யாரும் வாசப்படிய தாண்டாதீங்க! கூரைய பிரிக்கிறோம், வெயில் பட்டாதான் நோய் சாவும்!"

ஓலைகள் சரசரவென்று விழுகின்றன. முனியம்மாள் முகத்தில் வெயில் விழுகிறது. கண் திறக்கவில்லை.

மின்விளக்கு வந்து சில ஆண்டுகளுக்குப் பின்னரே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் எனக்கு விளக்கினார். செத்த எலியை விட்ட தெள்ளுப்பூச்சி படுக்கையில் ஏறும். படுக்கை போகுமிடமெல்லாம் நோயும் போகும். நிலம் அன்று வெடிப்பதாக இருக்கவில்லை. மரணத்தை நானே சுருட்டித் தலையில் வைத்துச் சுமந்திருக்கிறேன்.

இழந்தவை. முனியம்மாள், வயது இருபத்திரண்டு. அவள் கணவர். அவள் பிள்ளைகள் இருவர். என் மகள், பல் முளைக்கும் பருவம். ஆக ஐவர். ஒரு வீடு. செல்லம்மாளும் நானும் மிஞ்சினோம்.

என் குரல் கேட்டு அன்று எழுபது குடித்தனங்கள் பாயைச் சுருட்டின. அவர்கள் எவரெவர் வீட்டில் விரித்தார்கள் என்பதை நான் அறியேன்.