சூளைச் செய்திக்குத் தன் பெயரைப் போட்டவர்

இந்த இரங்கல் கூட்ட மேடையில் வீற்றிருக்கும் தலைவர் தாமோதரன் அவர்களே, திருமுக்கூடலிலிருந்தும் புள்ளலூரிலிருந்தும் வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, செங்கல் சூளைகளில் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் என் சொந்தங்களே! நான் பஞ்சாட்சரம். ‘களத்துமேடு’ வார இதழில் பதினோரு ஆண்டுகளாக அச்சுக் கோக்கிறவன்.

நம் நிர்வாக ஆசிரியர் எல்லப்பனார் யார்? எழுபத்து மூன்றாம் ஆண்டில், காலால் மிதித்து ஓட்டும் ஒரே ஒரு டிரெடில் அச்சு மிஷினோடு உத்திரமேரூரில் பத்திரிகை தொடங்கியவர். பாதி ஊருக்குப் படிக்கத் தெரியாதே, யார் வாங்குவார்கள் என்று நாங்கள் கேட்டோம். அவர் சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் நாற்பது ஊர்களில் பத்திரிகை வாசிக்கப்பட்டது. பட்டணத்துப் பெரிய முதலாளிகளுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது!

பிறகு, எழுதத் தெரியாத இருளர் பெண் அம்சாவை நிருபராக நியமித்தார். நான் எதிர்த்தேன். “எழுதத் தெரிஞ்சவன் எவனுக்குய்யா சூளைக்குள்ள இன்னா நடக்குதுன்னு தெரியும்? அவ சொல்லட்டும், நான் எழுதிக்கிறேன்” என்றார்.

அம்சா கொண்டுவந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். சூளையைவிட்டு ஓடப் பார்த்த பொன்னனைச் சங்கிலியால் கட்டி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் முதுகில் சூடு போட்டார்கள். முதுகுத்தோல் உரிந்து தொங்கியது. அந்தச் செய்தியை அச்சுக் கோத்தபோது, எப்போதும்போல் அம்சா பெயரைக் கீழே வைத்தேன். ஆசிரியர் அதை எடுத்துவிட்டுத் தன் பெயரை வைக்கச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, காலை பதினோரு மணி. சூளை முதலாளியின் ஆட்கள் நாலு பேர் லாரியில் அச்சகத்துக்கு வந்தார்கள். இரும்புக் கடப்பாறையால் மிஷினை உடைத்தார்கள். எழுத்துப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். சேதி சொன்னது யார் என்று கேட்டு ஆசிரியரின் வலது கையை மேஜைமேல் வைத்து நசுக்கினார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“பேர் போட்டுக்கீதே, நான்தான்” என்றார்.

மறுபடி கேட்டார்கள். மறுபடி அதே பதில். மூன்றாம் முறை தலையில் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள்.

அப்போது நான் எங்கே இருந்தேன்? சபையோரே, இதைச் சொல்லத்தான் எழுந்து நின்றேன். காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அம்சாவும் என்னோடு இருந்தாள். அவள் வாயை என் கையால் பொத்தியிருந்தேன். நாங்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். கடைசிவரை எங்கள் பக்கம் அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்றது. ரத்தத்தில் ஊறிக் கிடந்த ஈய எழுத்துகளை நானும் அம்சாவும் இரண்டு நாள் கழுவினோம். கழுவும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: “எம் பேரைப் போடுண்ணா.”

அன்பு ஆசிரியரே! எல்லப்பனாரே! பக்கத்து ஊர் நண்பர் தன் மிஷினைத் தந்திருக்கிறார். இந்த வெள்ளியும் ‘களத்துமேடு’ வரும். உங்களைக் கொன்ற செய்தி அம்சா பெயரோடு முதல் பக்கத்தில் வரும். அடித்த நாலு பேரையும் எனக்கு அடையாளம் தெரியும். இன்று காலை போலீஸ் ஸ்டேஷனில் நால்வர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். சாட்சிகள் இரண்டு பேர். நான் கையெழுத்துப் போட்டேன். அம்சா கைநாட்டு வைத்தாள்.