மூஞ்சி மூடுன வண்டி

...எங்க வீட்டுக்காரரு வாங்குனதே ஓட்ட வண்டி, சகாதேவன் தம்பி! மெக்கானிக்கு நீங்களும் சும்மா பானட்டத் தூக்கிட்டு நின்னா எப்படி? எல்லாம் பாத்தாச்சுப்பா. இன்ஜினுக்குத் தண்ணி விடற தெர்மோஸ்டாட் வால்வு தொறக்கலன்னு போன வாரந்தான் வேற கடையில புதுசு மாத்துனாங்க. ரெண்டு ஓஸ் பைப்பையும் தொட்டுப் பாருங்க... மேலயும் சூடு, கீழயும் சூடு. வால்வு நல்லாத்தான் தொறக்குது! கூலண்ட் தண்ணி ரொப்பியிருக்கு. ஃபேனு ஜம்முனு சுத்துது. நின்னா சமத்தா இருக்கும், ரோட்ல வேகம் எடுத்தா போச்சு, சூடு காட்டற முள்ளு செவப்புக்கு ஏறிடும்!

இருங்க, நான் முடிச்சிடறேன். கீழ்பென்னாத்தூர் போவணும் தம்பி, எங்க பொண்ணு கீதாஞ்சலிக்கு மாப்ள வீடு பாக்க. ரெண்டு தடவ கிளம்பி, ரெண்டு தடவையும் பாதி வழியில பொகை. இன்னிக்கும் போவலன்னா சகுனம் சரியில்லன்னு சம்பந்தத்தையே விட்டுடுவாங்க. பொண்ணு அந்தப் பையன் போட்டோவப் பாத்துப் பாத்து சிரிச்சிக்கினு இருக்கு, எனக்கு பயமா இருக்கு தம்பி. பஸ்ல போலாம்தான்... நான்தான் சொந்தக் கார்ல வர்றோம்னு பீத்திக்கிட்டேனே!

அதோ டீக்கடையில பேப்பர் படிக்கிறாரே, ராஜமாணிக்கம், எங்க வீட்டுக்காரரு. அவருக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? சாமி படம், அது இதுன்னு மொணமொணன்னு எதையோ சொல்ல வந்தாரு. சாமி குத்தம் ஆயிடும், சும்மா இருங்கன்னு அடக்கிட்டேன்.

இதே வண்டி போன மாசம் மலையச் சுத்தி கிரிவலம் வந்தப்ப சூடே ஆவல, தெரியுமா? நடக்கறவங்க பின்னாடியே மெதுவா, அடி அண்ணாமலை தாண்டி... ஜில்லுனு வந்துச்சு! எல்லாம் அண்ணாமலையார் காவல். நல்ல வரன் அமையணும்னு வேண்டிக்கினு, அவரு படத்த வண்டி முன்னாடி கட்டிக்கினுதான் அன்னிக்கு சுத்துனேன். லைட்ட மட்டும் விட்டுட்டு, இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும் ஃப்ளெக்ஸ் பேனரு! அன்னியிலருந்து அவுக்கவே இல்ல. போன மெக்கானிக்கு கூட அதுல கை வெக்க வந்தான். செருப்புக் காலோட சாமியத் தொடாதன்னு வெரட்டி உட்டேன்!

ஏன் தம்பி செருப்பக் கழட்டறீங்க? அய்யய்யோ, கயித்த அவுக்காதீங்க! ...என்னது? காத்தா? ரேடியேட்டருக்குப் போற காத்த... இந்த ஃப்ளெக்ஸா மறைக்குது? மெதுவா போனா ஃபேன் காத்தே போதும், வேகம் எடுத்தாத்தான் எதிர்காத்து வேணுமா?

ஈஸ்வரா! ...ஆமா, அன்னிக்கு அப்புறந்தான சூடு ஏற ஆரம்பிச்சது! அவரு மொணமொணன்னு சொன்னதும் இதத்தானா!

சிரிக்காதீங்க தம்பி... எனக்கே தாங்கல! அவுருங்க, அவுருங்க, பதமா. சுருட்டி பின் சீட்டுல என் பக்கத்துல வெச்சிடுங்க. மாப்ள வீட்ட சாமியும் வந்து பாக்கட்டும்!

அய்யோ, இவரு வர்றாரே... தம்பி, தம்பி, அவருகிட்ட கோளாறு தெர்மோஸ்டாட்டுலதான்னே சொல்லிடுங்க!