நானே எடுத்த காய்

மாஜாங் ஆட மேசை ஆடாமல் நிற்க வேண்டும். எங்கள் மேசையின் ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்திருந்தோம். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அண்ணன், அண்ணி, அண்ணியின் தம்பி, நான் என நால்வரும் உட்காருவோம். ஜப்பானிய முறை ஆட்டம்: முறைக்கு ஒரு காய் எடுத்து, வேண்டாததைப் போட்டு, கையில் இருப்பதைச் சேர்க்க வேண்டும்.

நான் அவசரக்காரன். கிடைத்ததை வைத்துச் சின்னதாக முடித்துவிடுவேன்.

"கொழுந்தனாருக்குச் சில்லறை போதும்," என்று அண்ணி சிரிப்பார்.

"அள்ளத் தெரியாது, பொறுக்கிட்டுப் போகட்டும் விடுக்கா," என்பான் அவர் தம்பி.

அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார்.

அவருக்கு நெஞ்சுவலி இருந்தது. அண்ணிக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையை என் சட்டைப்பையில் வைத்திருக்கச் சொன்னார். வலி வந்தால் நெஞ்சைத் தொட்டு என்னைப் பார்ப்பார். தண்ணீர் குடிக்கும் சாக்கில் இருவரும் சமையலறைக்குப் போவோம்.

அன்று எனக்கு ஒரே மாதிரிக் காய்கள் மும்மூன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தன. அப்படி நான்கு மூன்றும் ஒரு ஜோடியும் அமைந்தால் ஆட்டம் முடிந்தது. கடைசிக் காயையும் நானே எடுத்தால் உச்ச மதிப்பு. அடுத்தவர் போட்டதில் முடித்தால் மதிப்பு சரிந்துவிடும். ஒரு காய்தான் பாக்கி.

அண்ணன் நெஞ்சைத் தொட்டார். நடுவில் எழுந்தால் ஆட்டம் கலைந்துவிடும். பொறுத்துக்கொள்ளும்படி கண் காட்டினேன். என் கையில் இருப்பதை ஊகித்துவிட்டார் போல. எனக்கு வேண்டிய காயையே எடுத்து என் பக்கமாகப் போட்டார்.

"உனக்குத்தான்டா. முடிச்சிரு."

"வேணாம்ணே."

"பார்றா, தொரைக்குச் சில்லறை கசக்குது," என்றார் அண்ணி.

இன்னும் சில சுற்றுகள் போயின. அண்ணன் முறை தவறாமல் எடுத்தார், போட்டார். அவருக்கு வியர்ப்பதைப் பார்த்து, புழுக்கம் என்று அண்ணி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானாகக் கொடுத்தால் அண்ணிக்குத் தெரிந்துவிடுமே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அந்தக் காய் என் கைக்கே வந்தது. விரித்து வைத்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அண்ணனும் குனிந்தார், நிமிரவில்லை. அண்ணி அலறிய பிறகுதான் மாத்திரையை எடுத்தேன். அவர் வாயைத் திறக்க முடியவில்லை.

தெரிந்தே சாக விட்டாயா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆமாம், தெரிந்தேதான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அண்ணன் கண் திறந்துதான் இருந்தது. என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.