மாட்டியவரே கழற்றவும்

என் கையெழுத்து பார்க்க லட்சணமாக இருக்கும், ஐயா. அதனால்தான் உங்கள் ஸ்டேஷன் எழுத்தருக்குச் சிரமம் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். இருபத்தாறு வருடம் விமானங்களைப் பழுது பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்ட கை இது. என் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. அந்தப் பெருமை எனக்கு உண்டு, இல்லை என்றால் பொய்.

செத்துப்போனவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் எங்கள் தொழிற்சங்கச் செயலாளர். விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் எங்கள் ஹேங்கரில் அவருக்குப் 'பாத்துக்கலாம்' என்று பட்டப்பெயர். பாதுகாப்பு ஷூ கிழிந்துவிட்டது என்று போனாலும், ஆள் குறைக்கப் போகிறார்களாமே என்று போனாலும், நாற்காலியில் சாய்ந்துகொண்டு "பாத்துக்கலாம் விடுப்பா" என்பார். சங்க அறையில் ஏசி ஓடும். வியர்வையோடு போனவர்கள் அதற்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றால் உடம்பும் ஆறும், கோபமும் ஆறும். அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

போன வருடம் நிர்வாகம் பெரிய பராமரிப்பு வேலைகளை எல்லாம் வெளி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது. நூற்று நாற்பது பேர் வேண்டாம் என்றது. நாங்கள் வேலை நிறுத்தம் என்றோம். செயலாளர் மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் போனார், நான்காம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். "முடிஞ்ச மட்டும் பேசிட்டேன். இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும்" என்றார்.

"அறுந்தா எங்க கழுத்துதானே தலைவரே, நீங்க ஏன் பயப்படுறீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வேலை போகிறவர்களின் பட்டியலைப் படித்தார்கள்.

என் தம்பியும் அதே ஹேங்கரில்தான் பதினோரு வருடமாக வேலை செய்தான். அவன் பெயரைப் படித்ததும் திரும்பி என்னைப் பார்த்தான். அண்ணன் எழுந்து ஏதாவது கேட்பான் என்று நினைத்திருப்பான். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்தில் அந்த ஒப்பந்தக்காரரே அவனை எடுத்துக்கொண்டு, வேறு நிறச் சீருடை மாட்டி, எங்கள் ஹேங்கருக்கே அனுப்பிவைத்தார். அதே விமானம், அதே வேலை. ஆனால் தம்பி என்னை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தான். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன், ஐயா. 'சார், அந்த ஏணியைக் கொஞ்சம் தள்ளிப் போடட்டுமா?' என்பான். அவன் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. எல்லாம் செயலாளர் செய்த வேலை என்று அவன் மனைவியிடம் பல தடவை சொல்லி அனுப்பினேன். அவனும் அதை நம்பினான். செயலாளரைக் கண்டால் காறித் துப்புவான். என்னோடு மட்டும் பேச்சு திரும்பவில்லை.

இனி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். விமானச் சக்கரங்கள் மடங்கி உள்ளே போகும் பொந்துக்கு ஒரு பெரிய கதவு உண்டு. உள்ளே ஆள் நின்று வேலை செய்யும்போது அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்பு ஊசி செருகுவோம். மேலே விமானி அறையில், பம்ப் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டை மாட்டுவோம். பம்பைப் போட்டால் அழுத்தம் ஏறிக் கதவு மூடிக்கொள்ளும், அதனால். அட்டையில் மாட்டியவர் பெயர் இருக்கும். அடியில் 'மாட்டியவரே கழற்றவும்' என்று அச்சடித்திருக்கும். எங்களுக்கு அது வேதவாக்கு. அடுத்தவன் அட்டையைத் தொட்டவன் எங்கள் ஹேங்கரில் கிடையாது.

ஒப்பந்தம் ஆனபோது கருவிப் பெட்டிகளோடு அந்த ஊசிகளும் வெளியே போய்விட்டன. அதன்பிறகு அட்டை ஒன்றுதான் காவல். ஊசி வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. சங்க வேலைக்கென்று அவருக்கு இருந்த முழுநேர விடுப்பு ரத்து. அதை அவர் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. ஒன்பது வருடம் கழித்து வேலைச் சீருடையோடு வந்து நின்றார். வயிற்றில் பட்டன் போடவே முடியவில்லை. நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். நியாயமாகச் சொன்னால் நல்ல வேலைக்காரர். கை எதையும் மறக்கவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கருவி அறை வாசலில் அவர் என்னோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். பொதுவான பேச்சு. பிறகு மேலே போய் அட்டையை மாட்டிவிட்டு, வலது சக்கரப் பொந்துக்குள் ஒரு குழாய் மாற்ற இறங்கினார். பதிவேடு எடுக்க நான் விமானி அறைக்குப் போனேன். அட்டை தொங்கியது. கோழி கிளறியது போல அவர் கையெழுத்து. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த நிமிடத்தில் என் மனத்தில் ஒன்றும் இல்லை. இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

அடுத்து இடது பக்கப் பிரேக்கைச் சோதிக்க வேண்டியிருந்தது. அதற்கும் மேலே ஒப்பந்தக்காரரின் ஆள் அதே பம்பைத்தான் போடுவார். கீழே எங்கள் ஆள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, சுற்றிப் பார்த்து, 'கிளியர்' என்று சொல்ல வேண்டும். அன்று கீழே இருந்தது நான். சக்கரப் பொந்து இருபது அடி தள்ளி. உள்ளே டார்ச் வெளிச்சம் அசைவது தெரிந்தது. அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஹெட்செட்டில் தம்பியின் குரல் வந்தது. "அட்டை ஒண்ணும் இல்லை. கீழ கிளியரா, அண்ணே?"

ஐந்து மாதம் கழித்து 'அண்ணே' என்றான். வாய் தவறி வந்ததோ, கோபம்தான் தணிந்துவிட்டதோ, எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"கிளியர்" என்றேன்.

கதவு மூட இரண்டு விநாடி கூட ஆகாது. அவர் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார். அவர் மனைவியிடமும் அதைச் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். நூற்று நாற்பது குடும்பம், ஐயா. அத்தனை பேர் வாழ்க்கையில் விளையாடிய ஒரு மனிதரை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. யாராவது கேட்க வேண்டாமா? நான் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணையில், செயலாளர் அட்டை மாட்ட மறந்தார், தம்பி கேட்காமல் பம்பைப் போட்டான் என்று முடிவானது. ஹெட்செட்டை நான் இன்னும் செருகவே இல்லை, யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று நான் சொன்னதால் வந்த முடிவு அது. தம்பியை உள்ளே வைத்து இன்றோடு பத்தொன்பது நாள்.

நேற்று அவன் மனைவி வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை. "அவர் என்ன சொல்றார் தெரியுமா மாமா? 'அண்ணன் பொய் சொல்ல மாட்டார், எனக்குத்தான் காதுல தப்பா விழுந்திருக்கு'ன்னு சொல்லிச் சொல்லி அழறார். காது டாக்டர் யாராவது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியும், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் போன பிறகு வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

அவன் காதில் ஒரு கோளாறும் இல்லை. விதிப்படி அட்டையைப் பார்த்தான், விதிப்படி கேட்டான், நான் பதில் சொன்னேன், அவன் போட்டான். அவனை விட்டுவிடுங்கள். அட்டை என் அலமாரியில் பனியன்களுக்கு அடியில் இருக்கிறது. இதுவரை எழுதியதெல்லாம் உண்மை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இனி இது தனித் தாள், ஐயா. கருவி அறை வாசலில் என்ன பேசினீர்கள் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் போட்ட பட்டியலில் இருந்தது என் பெயர்தான். தம்பி தப்பியிருந்தான். கூட்டத்துக்கு முந்தைய நாள் நான் சங்க அறைக்குப் போனேன். "தம்பி சின்னவன், எங்க போனாலும் பொழைச்சுக்குவான். எனக்கு இனிமே யார் வேலை குடுப்பாங்க?" என்று கேட்டேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். அன்று ஒரு நாள்தான் அவர் 'பாத்துக்கலாம்' என்று சொல்லவில்லை. "தம்பிக்கு இதுல சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம், அவன்தான் அனுப்பினான் என்றேன். அவர் பேனாவை எடுத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் என்னை நிறுத்தி, "சம்மதம்னு சொன்னியேப்பா, அவனுக்கு எதுவுமே தெரியாதாமே. என்னைப் பாத்தாலே துப்பறான். எத்தனை நாள் இதை நான் சுமக்குறது? இன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல அவனை உக்கார வச்சு உள்ளதைச் சொல்லிடறேன். நீயும் கூட இரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் தோளில் தட்டிவிட்டுத்தான் மேலே போனார்.

அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. நான் செய்தது அந்த நூற்று நாற்பது பேருக்காக.

வாக்குமூலத்தைத் தம்பியிடம் படித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்றீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். அண்ணன் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டான் என்று அவன் தெரிந்துகொள்ளட்டும், அதை அவன் தாங்கிக்கொள்வான். இந்தத் தாளை மட்டும் அவனிடம் காட்டாதீர்கள்.