டாடி நெத்தியில சிங்கம்

ஷ்ஷ்! வாய தொறக்காதண்ணா. தலைய மட்டும் ஆட்டு. ஃபைனான்ஸ் டில்லிபாபு அண்ணன் தான நீ? எங்க வூட்டுக்கு தான போற? நான் பாஸ்கலோட ரெண்டாவது பொண்ணு, ஜூடி, பிளஸ் ஒன். பைக் சாவிய தேடாத, என் கையில கீது. தர்றேன். அஞ்சு நிமிசம் இந்த டீக்கடையாண்டயே நில்லு. எங்க வூடு மூணாவது கதவு, ஜன்னல் வேற தொறந்து கீது. உன் குரல் உள்ள போச்சுன்னா டாடிக்கு ஜொரம் வந்துரும். சிரிக்காத, மாதா சத்தியமா.

டாடி ஹார்பர்ல கிரேன் ஓட்றாரா, எங்க அக்கா ஐரீன் நர்சிங் ஃபீஸுக்கு உங்களாண்ட கடன் வாங்குனாரு. அப்பால வாரத்துக்கு மூணே நாள் தான் டூட்டின்னுட்டாங்க. மொத மாசம் தவணை நின்னுச்சு, சளி புட்சிகிச்சு. முப்பது நாளு! ரெண்டாவது மாசம் வாயெல்லாம் புண்ணு. நெத்திலி கொழம்ப எதிர்ல வெச்சிகினு கண்ணுல தண்ணி வுடறாரு, எனக்கு செம சிரிப்பு. தவணை அஞ்சாந்தேதின்னா நாலாந்தேதி சாயந்தரமே தும்மல் ஸ்டார்ட்டு. எங்க வூட்ல காலண்டரே வேணாம். மம்மி தும்மல எண்ணிட்டு, நாளிக்கு டில்லிபாபு வருவாரு, பாய உள்ள சுருட்டி வைன்னும்.

மூணாவது மாசம் நீ வரவே இல்ல, தும்மலும் இல்ல. நேரா அக்கி. நெத்தியில, கண்ணுக்கு மேல, கொத்து கொத்தா கொப்புளம். மம்மி டாடிய திருவொத்தியூருக்கு இட்டுகினு போயி, காவிக்கல்ல கொழச்சி கொப்புளத்து மேல சிங்கம் வரஞ்சி அக்கி எழுதறவராண்ட உக்கார வெச்சிச்சு. அவரு குரல்ல சொல்லட்டா? ஆடாத நைனா... சிங்கத்துக்கு இன்னும் வாலு வரல... தும்முனன்னா வாலு மூக்குக்கு போய்டும்... முடிச்சிட்டு பாத்தா நாய் மாரி கீதுண்ணா! அதோட ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்து நிக்கிறாரு. நாக்குல அப்பம் வெச்சி நன்மை குடுக்கற ஃபாதர் டாடி நெத்தியவே பாத்துகினு, சொல்ல வேண்டிய வார்த்தைய மறந்துட்டாரு. பின்னால மொத்த லைனும் நிக்குது.

அப்பால தான் பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா குரல கேளு. மிஸ்டர் பாஸ்கல், சின்ன வயசுல அம்மை போட்டுச்சா? அந்தக் கிருமி எங்கயும் போகல, உள்ளயே தூங்கிட்டு இருந்துச்சு. நீங்க தூங்கல, சரியா சாப்பிடல, எந்நேரமும் பணக் கவலை. எதிர்ப்பு சக்தி கொறஞ்சிடுச்சு, அது எந்திரிச்சிடுச்சு. கண்ணுக்குள்ள எறங்குனா பார்வைக்கே ஆபத்து. மாத்திரை தர்றேன், டென்சன் மட்டும் ஆகாதீங்க.

அவங்க டென்சன்னு வாய மூடல, டாடி பாக்கெட்ல போன் அடிக்குது. யாரு? நீதான்! டாடி நெத்தி சுருங்குது, அந்த நாய் வாய தொறக்குது. டாக்டரம்மா நாற்காலியோட பின்னால போய்ட்டாங்க.

கண்ணு போனா கிரேன் போச்சு. கிரேன் போச்சுன்னா உன் தவணை? யோசிச்சுக்கோ.

அதான் ஒரு வேல பண்ணேன். எனக்கு யார் குரலும் வரும்ணா. ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் மாரி மைக்ல பேசி லீவே வுட்டுருக்கேன். உன் குரல் தான் ரொம்ப புடிக்கும், தகர டப்பால கல்லு போட்டு ஆட்ன மாரி. டாடி போன்ல உன்ன பிளாக் பண்ணிட்டு, தோஸ்து மோகனப்ரியா போன்லேருந்து அடிச்சேன். ஹலோ, பாஸ்கலா? டில்லிபாபு பேசறேன். இனிமே இதான் என் நம்பரு. மூணு மாசம் டைம் குடுத்தாச்சு, மொதல்ல ஒடம்ப பாருப்பா.

மொறைக்காத. டெய்லி பேசறேன். மாத்திரை துன்னியா, தூங்குனியான்னு கேக்கறேன். கொப்புளம் காஞ்சிச்சு. நாலு இட்லி துன்றாரு. மாத்திரை கேட்டுச்சுன்னு டாக்டரம்மா சொல்றாங்க, டில்லிபாபு மனசுன்னு டாடி சொல்றாரு. ராத்திரி ஜெபத்துல உன் பேரு வருதுண்ணா. டில்லிபாபுவையும் அவர் மனைவி மக்களையும் ஆசீர்வதியும்... இன்னாது, கல்யாணமே ஆவலயா? போச்சு. உனக்கு ரெண்டு பசங்கன்னு சொல்லிட்டேனே. மூத்தவன் பேரு மகிழன், யூகேஜி, கணக்கு வராது. ஞாபகம் வெச்சுக்கோ.

ஏண்ணா அப்பத்துலேர்ந்து கைய சொறிஞ்சிகினே கீற? காட்டு. ஐயே, தடிப்பு தடிப்பா கீதே! போன் வேற நடுங்கிகினே கீது. மேனேஜரா? டார்கெட்டா? உனக்குமா நாலாந்தேதி! அந்தாள் குரல ஒரு தபா கேக்க வுடு, நாளிக்கே நான் உனக்கு லீவு குடுக்கறேன்.

சரி, விசயத்துக்கு வா. திங்கக்கெழம டூட்டிக்கு போறாரு. அடுத்த மாசத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கட்டிருவாரு. தள்ளுபடில்லாம் வேணாம். உள்ள வந்து, நான் பேசற டில்லிபாபு மாரி ரெண்டு வார்த்த பேசு, போதும். எங்க, சொல்லிப் பாரு. பாஸ்கல் சார், ஒடம்பு எப்டி கீது? மெதுவா! ம்ஹூம். இது உன் குரலே இல்லண்ணா. இன்னொரு தபா.

இன்னாத்துக்கு இவ்ளோ மெனக்கெடறேன்னா? சொம்மாதான்.

உங்க அக்கா கல்யாணத்துக்கு பொன்னேரி போனியே, ஒரு வாரம் லீவுல. அந்த மூணாந்தேதி சாயந்தரம் டாடிக்கு உன் குரல்ல ஒரு போன் வந்துச்சு. இன்னா பாஸ்கல், ஆளு அனுப்பி சாமான தெருவுல வெக்கவா? ஆமாண்ணா, தெரியும், நீ இல்ல. நீ அப்டி ஒரு நாளும் பேசுனதில்ல. தண்ணி டிரம்முக்கு பின்னால மோகனப்ரியா போன வெச்சிகினு குந்தியிருந்தேன், வாயப் பொத்தி சிரிச்சிகினு. டாடி சாப்புடாம எய்ந்து கைய கழுவுனாரு. ரெண்டு நாள் கழிச்சு மொத கொப்புளம்.

தோ, கதவு தொறக்குது. டாடிதான். உன்ன பாத்து சிரிக்கறாரு பாரு. இந்தா சாவி. போண்ணா. மகிழன் எப்டி கீறான்னு தான் மொதல்ல கேப்பாரு. நல்லா கீறான்னு சொல்லு.