கட்டிலுக்கு அடியில்

மலேசியாவின் செனாவாங் ஊரில், ஒரு டைல்ஸ் கடையில் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றார்கள். நான் காது கொடுத்திருக்கக் கூடாது.

"அப்பா கட்டிலுக்கு அடியில டைல்ஸ் வேணாம். அந்த இடத்தக் கழிச்சே கணக்கு போடச் சொல்லு," என்றார் தாய்.

"முழு ஹாலுக்கும் போட்டுருவோம் மா."

"கட்டில நகத்துனா வலியில கத்துவாரு. அடியில யாரு லா பாக்கப் போறா?"

மகள் தாயின் தோளில் கை வைத்தாள்.

"டைல்ஸ் போடுற ஆளுங்க அடுத்த மாசந்தான் வருவாங்க மா. டாக்டர் சொன்னதக் கேட்டீங்கல்ல?"

தாய் கையிலிருந்த மாதிரி டைல்ஸைத் தடவிக்கொண்டே நின்றார். அவர்கள் முறை வந்தது. கடைக்காரர் ஹால் அளவைக் கேட்டார்.

"முழுசாவே போடுங்க அண்ணே," என்றார் தாய். "அப்போ கட்டில் இருக்காது."