குழிக்குப் போகாத காற்று

இந்த நாற்காலி ஆடுகிறது ஐயா. ஒரு காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் வைத்தால் சரியாகிவிடும். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. வீட்டில் என்னைப் பம்பரம் என்பார்கள்.

சீக்கிரம் வளரும் இறால் இனத்தை உருவாக்குவது என் வேலை. ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிதாக வளர்ந்தவற்றை மட்டும் எடுத்து இணை சேர்ப்பேன். கடைசித் தலைமுறை வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே விற்கிற அளவுக்கு வந்துவிட்டது. பண்ணைக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அதற்கு முந்தின நாள் காலையில் என் தம்பி என் தலையில் குண்டைப் போட்டான். அவனும் என்னோடுதான் வேலை பார்த்தான். வாய் நீளம், கை சுத்தம்.

"அண்ணே, இது சீக்கிரம் வளர்ற இனமே இல்ல. ஓடு கழட்டிட்டு அசையாம கெடக்குற கூடப்பொறந்ததையெல்லாம் தின்னுதான் இப்படிக் கொழுக்குது. தனித்தனியா வளத்துப் பாத்தேன், சாதாரண இறால் மாதிரிதான் வளருது. பண்ணையில விட்டா பாதிகூட மிஞ்சாது. நாளைக்கு அவங்ககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நானே சொல்கிறேன் என்றேன். நம்பிவிட்டான்.

மத்தியானம் சேறு அள்ளக் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கினான். அடிச்சேற்றைக் கிளறினால் விஷவாயு கிளம்பும். அதனால் மேலேயிருந்து குழாய் வழியாக விசிறி காற்றடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. எங்கள் சின்ன ஜெனரேட்டர் ஒன்றைத்தான் தாங்கும்: குழியின் விசிறி, இல்லையென்றால் இறால் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார். காற்று நின்றால் இறால் செத்துவிடும். மனிதனுக்குக் கை கால் இருக்கிறது, ஏறி வந்துவிடுவான். ஜெனரேட்டரைத் தொட்டிக்குக் கொடுத்தேன்.

"அண்ணே, காத்து வரல."

"இதோ வந்துரும். நீ பாட்டுக்கு அள்ளு."

இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவன் நாக்கு குழறியது. நான் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அப்புறம் அவன் கூப்பிடவில்லை.

அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன், அவன் கூப்பிட்டதைத் தவிர. நீ என்னப்பா பண்ணுவே என்று என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அழுகை வந்தது எனக்கு, நடிப்பில்லை.

நீங்கள் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தொட்டி மோட்டாருக்குத் தனி பேட்டரி உண்டு. மின்சாரம் போன உடனே அது ஓடத் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஜெனரேட்டரை அங்கே இழுத்துப் போனேன்.

அண்ணன் தம்பிக்குள் பகை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. அவன்மேல் நான் உயிரையே வைத்திருந்தேன்.